இரண்டு போனில் ஒரு முகம்

ஐப்பசி 12, வெள்ளிக்கிழமை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, இன்று வாங்கிய போனே எழுதிக்கொள்கிறது.

சங்கரன்கோவில் கடையில் விலை கூடிய போன் இரண்டை எடுத்து வைத்தார்கள். என் மனைவிக்கு இருப்பது ஒரே போட்டோ, இறந்த அன்று எடுத்தது. அப்போது மகள் செல்விக்கு ஆறு மாதம். கூட வந்த செல்வி அந்தப் படத்தை இரண்டு போனிலும் பிடித்தாள். ஒன்றில் இருந்தபடியே விழுந்தது. மற்றதில் கடைக்காரர் எதையோ தொட்டார். மூடியிருந்த கண்கள் திறந்துகொண்டன.

“அப்பா, அம்மா பாக்கா! இதையே எடுப்போம்.”

“ஏட்டி, உங்கம்மைக்கு மாறுகண்ணுல்லா. இது எவ?”

“ஒங்களுக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?”

அவளைக் கண் மூடியபடியே காட்டிய போனைத்தான் வாங்கினேன்.

நாற்பது வருடமாகக் கண்ணை மூடினால் அவள் மாறுகண்ணோடு வந்து நிற்பாள். இன்றும் மூடினேன். வந்தவள் இரண்டு கண்ணாலும் என்னை நேராகப் பார்க்கிறாள்.