மலை இறங்கி வந்த ஜூடி

பிப்ரவரி 7, 1991, வியாழன்

டெலியாவின் மதுக்கடையில் இன்று எட்டே பேர். மழை விட்டபாடில்லை. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தாயிற்று.

ஃபெஸ்டி ‘எழும்பி வா என் கண்ணே’ பாட்டை ‘எலும்போடு வா என் கண்ணே’ ஆக்கிவிட்டார். டெலியா பீர்க் குழாயை மூட மறந்து சிரித்தாள். யார் பாட்டை எடுத்தாலும் முதலில் அதன் பெயரில் ஒரு நாயை நுழைத்துச் சொல்ல வேண்டும். சொல்ல வராதவர் அந்தச் சுற்றில் வாசிக்கக் கூடாது. நான்கு குளிர்காலமாக இதுதான் எங்கள் வியாழக்கிழமைச் சட்டம். மாலக்கிக்கு இன்றும் ஒன்றும் வரவில்லை. அத்தனை ஆடு வைத்திருக்கிறவன், மடியில் அக்கார்டியனை வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தான். நான் ‘கரையில் நின்ற காதலி’யை ‘குரைத்து நின்ற காதலி’ ஆக்கிவிட்டு ஃபிடிலை எடுத்தேன். இந்த விளையாட்டில் என்னை மிஞ்ச ஃபெஸ்டி ஒருவர்தான் உண்டு. அறுபத்தொரு வயதில் பெருமைப்பட இதுதான் கிடைத்தது எனக்கு.

பிப்ரவரி 10, ஞாயிறு

பாஸ்டனிலிருந்து மகன் ருவாரி பேசினான். “கேப்டன் எப்படி இருக்கான்?” என்பதுதான் முதல் கேள்வி. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பது மூன்றாவது கேள்வி, அதுவும் ஞாபகம் வந்தால். ரிசீவரை நாயின் காதில் வைத்தேன். அங்கிருந்து விசில் அடித்தான். கேப்டன் கதவுக்கு ஓடினான்.

முறையான காகிதம் இல்லாமல் போனவன். ஒருமுறை திரும்பி வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஐந்து வருஷமாகக் கதவுக்கு ஓடுகிறது அந்த நாய்.

பிப்ரவரி 13

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல், வயிற்றில் கறுப்புத் தேநீர். கேப்டனுக்கு மட்டும் நோன்பு கிடையாது.

பிப்ரவரி 19, செவ்வாய்

என்ன எழுதுவது.

காலையில் எழுந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. கேப்டனைக் காணவில்லை. ஏழு மணிக்கு வந்தான். நனைந்து, சேறு அப்பி, என் முகத்தைப் பார்க்காமல் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கூப்பிட்டேன், வரவில்லை. குனிந்து பார்த்தால் நெஞ்சு முடியெல்லாம் ரத்தம். வாயைத் திறந்து பார்த்தேன். பல்லிடுக்கில் கம்பளி.

வாளியில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். செத்துக் கிடந்த ஆட்டை நக்கியிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். நரி தின்ற மிச்சமாக இருக்கும். வேறு ஏதாவது இருக்கும்.

பத்து மணிக்கு ரொட்டி வாங்கப் போனபோது கடையில் அதே பேச்சு. மாலக்கியின் சினை ஆடுகள் மூன்று. தொண்டை கிழிந்து கிடந்தனவாம். நான்காவது வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்டு உயிரோடு இருந்ததாம், அதை அவனே முடித்துவிட்டானாம். குட்டி போட இரண்டு வாரம்கூட இல்லை.

ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, புதன்

மாலக்கி வீடு வீடாக வந்தான். நாயைப் பார்க்க வந்தேன் என்று அவன் சொல்லவில்லை, வந்த காரணத்தை நானும் கேட்கவில்லை. தேநீர் குடித்தான். மழையைப் பற்றிப் பேசினான். கேப்டன் அடுப்புப் பக்கத்தில் சுத்தமாகப் படுத்திருந்தான். மாலக்கி அவன் தலையைத் தடவி, “இவனுக்கும் வயசாயிடுச்சு இல்ல?” என்றான். ஒன்பது முடிந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தூங்கியே இருக்க மாட்டான்.

ஒருமுறை ஆட்டு ரத்தம் ருசித்த நாயை இங்கே யாரும் உயிரோடு வைத்துக்கொள்வதில்லை. வளர்த்தவனே கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவான். என் அப்பாவே ஒன்றை அப்படி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். தெரிந்துதான் தேநீர் ஊற்றினேன்.

ருவாரியிடம் என்ன சொல்வேன்? அவனுக்கு இந்த ஊரில் அந்த நாய்தானே மிச்சம்.

பிப்ரவரி 21, வியாழன்

போகாமலே இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களோ என்று போனேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாலக்கி மூலையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் நாய்தான் என்று எதிரே நின்று சொல்கிற வழக்கம் இங்கே இல்லை. சொன்னால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை அறுந்துவிடும். அதனால் அவன் பார்க்க மட்டும் பார்த்தான். என் மேல் அவன் பார்வை வந்து நின்றது. என் முறை. “என்ன டிம்ப்னா, பேரே வரலையா இன்னைக்கு?” என்றாள் டெலியா.

‘மலை இறங்கி வந்த மங்கை’ வாசிப்பதாகத்தான் இருந்தேன். வாயைத் திறந்தேன். “மலை இறங்கி வந்த ஜூடி” என்று வந்தது.

ஒரு நொடி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மூன்று நாளாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி ஃபெஸ்டியைப் பார்த்தார்கள். மலைமேல் இருப்பது ஃபெஸ்டி வீடு ஒன்றுதான். ஜூடி அவருடைய நாய். ஃபெஸ்டியும் சிரித்தார். அவர்தான் கடைசியாக நிறுத்தினார்.

மாலக்கி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான், தகவல் சொன்னதற்கு நன்றி என்கிற மாதிரி.

பாட்டை வாசித்து முடித்தேன். எப்படி வாசித்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22

வாய் தவறி வந்ததா? தெரிந்து சொன்னேனா? — எனக்கே தெரியவில்லை. இல்லை, தெரியும். மாலக்கி என்னைப் பார்த்தான், அவன் பார்வையை வேறெங்காவது தள்ளிவிட வேண்டும் என்றிருந்தது. கையில் கிடைத்தது ஜூடி.

விளையாட்டுத்தானே! நாலு வருஷமா எத்தனை நாயை இழுத்தோம், எவன் கேட்டான்?

பிப்ரவரி 24, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் ஃபெஸ்டி சுவரோரம் தனியாக நிற்கிறார். எழுபதை நெருங்கிய மனுஷன், கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

“டிம்ப்னா, அன்னைக்கு ராத்திரி அவ அடுப்புப் பக்கத்துலதான் படுத்திருந்தா. ஆனா நான் தூங்கினா பொணம். பின்கதவு தாழ்ப்பாளும் சரியில்ல. நீ பார்த்தியா அவ இறங்கி வந்தத? பார்த்துத்தான சொன்ன?”

“நான் ஒண்ணும் பார்க்கல ஃபெஸ்டி. விளையாட்டுக்குச் சொன்னேன்.”

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “என் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்ற. நீ நல்லவம்மா” என்றார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கூட்டம் இன்னும் கலையவில்லை, மாலக்கி பத்தடியில் நின்றான். நான் சொன்னதெல்லாம் மழை வரும்போல இருக்கிறது என்று.

மாலையில் ருவாரி. கேப்டன் எப்படி இருக்கான்? நன்றாக இருக்கிறான்.

பிப்ரவரி 25, திங்கள்

மதியம் மூன்று மணி. ஒரே ஒரு வெடிச்சத்தம். மாலக்கியின் கொட்டில் பக்கம்.

ஃபெஸ்டியே ஜூடியைக் கயிறு கட்டி நடத்திக் கூட்டிக்கொண்டு போனாராம். “சந்தேகம்னு வந்துட்டா அப்புறம் எப்படிப்பா வெச்சுக்கறது, உன் குட்டிங்களுக்கு யார் பதில் சொல்றது” என்றாராம். யாரும் கேட்காமல் தானாகவே போனாராம். டெலியா சொல்லிவிட்டு அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

பிப்ரவரி 26

கேப்டனுக்குச் சங்கிலி வாங்கி வந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டு வாரமாக ஓர் ஆடும் சாகவில்லை. எப்படிச் சாகும்? நான் பகலில் சங்கிலியிலும் இரவில் என் அறையிலும் வைத்துப் பூட்டுகிறேன். ஆனால் ஊர் என்ன சொல்கிறது? “பார்த்தியா, ஜூடி போனதுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்ல” என்கிறது. கடையில் சொல்கிறார்கள், கோயிலில் சொல்கிறார்கள். ஃபெஸ்டியின் காதுபடவே சொல்கிறார்கள், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. நீ சரியாகத்தான் செய்தாய் என்று அவருக்குச் சொல்கிறார்களாம்.

ஒவ்வொரு இரவும் நான் பூட்டப் பூட்ட ஜூடியின் மேல் குற்றம் உறுதியாகிக்கொண்டே போகிறது. அவிழ்த்துவிடவும் முடியுமா? குட்டிகளெல்லாம் பிறந்துவிட்டன.

மார்ச் 14, வியாழன்

மதுக்கடைக்கு ஃபெஸ்டி வரவில்லை. மூன்றாவது வாரம். நாய்ப்பெயர் விளையாட்டை யாரும் எடுக்கவில்லை. பாட்டுகளை அவற்றின் சொந்தப் பெயரிலேயே வாசித்தோம். ஒன்பது மணிக்கே கலைந்துவிட்டோம்.

மார்ச் 19, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மாலக்கியிடம்.

கொட்டிலில் ஒரு குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கம்பளி, ரத்தம், வெந்நீர். பாட்டின் பெயரையும் சொன்னேன். குட்டி குடித்து முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஃபெஸ்டிகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றான்.

இன்னும் இல்லை, இங்கிருந்து நேரே அங்கேதான் போகிறேன் என்றேன்.

“போகாதீங்க.” புட்டியைக் கீழே வைத்தான். “சுட்டது நான். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டுச்சு, டிம்ப்னா. எங்க வீட்டுப் பசங்க கையால தின்னு வளர்ந்த நாய் அது. அவர் திரும்பி நின்னுகிட்டிருந்தார். தப்பு செஞ்சதுக்குத்தான் செத்துச்சுன்னு நெனச்சுதான் அவர் இன்னைக்குச் சோறு திங்கறார். அதையும் புடுங்கப் போறீங்களா?”

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறானா, அவரைக் காப்பாற்றவா? ரெண்டும்தான். நான் மட்டும் என்ன யோக்கியமா? அவன் போகாதீங்க என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அதை இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

“உங்க நாய முடிச்சிடுங்க” என்றான். “நான் மறுபடி துப்பாக்கி எடுக்கமாட்டேன். டவுன்லேர்ந்து டாக்டரைக் கூப்பிடுங்க. வயசாச்சுன்னு சொல்லிடலாம்.”

சொல்லிடலாம், என்றான். சொல்லிடுங்க என்று இல்லை, தன்னையும் சேர்த்துக்கொண்டான்.

மார்ச் 22, வெள்ளி

கால்நடை மருத்துவர் வந்தார். இளம்பெண். நாய்க்கு ஒன்றும் இல்லையே, இன்னும் மூன்று வருஷம் இருக்குமே என்றாள். கடிக்கிறது என்றேன். அவள் கையை நக்கிக்கொண்டிருந்தான் கேப்டன்.

அவன் தலை என் மடியில்தான் இருந்தது. சீக்கிரம் முடிந்தது. ருவாரி மாதிரி விசிலடிக்கலாம் என்று பார்த்தேன், உதடு குவியவில்லை.

மார்ச் 23, சனி

டெலியா சொல்லி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் வாசலில் ஃபெஸ்டி, தோளில் மண்வெட்டியோடு.

“உன் கொல்லை முழுக்கப் பாறை, உன்னால தோண்ட முடியாது” என்றார். தள்ளுவண்டியில் கேப்டனைத் தூக்கி வைத்து, தன் கோட்டைக் கழற்றி மேலே மூடினார். மலை ஏறினோம். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வீட்டுக்குப் பின்னால், ஜூடியைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்திலேயே, நேற்றே குழி வெட்டி வைத்திருந்தார்.

“ஃபெஸ்டி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். நிஜமாகவே சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“அழுதுட்டுச் சொல்லு. எனக்கு எல்லாம் தெரியும்மா, இந்த வலி எனக்குத் தெரியாதா” என்றார். மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்லவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ருவாரியிடம் சொன்னேன். தூக்கத்திலேயே போய்விட்டான் என்றேன். “நீ பக்கத்துல இருந்தியா?” என்றான். இருந்தேன். அது ஒன்றுதான் உண்மை.

ஏப்ரல் 6, சனி

மாலக்கி வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. அதில் நல்ல குட்டியாகப் பார்த்து ஃபெஸ்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தானாம். எனக்கு நேற்றுத்தான் தெரியும். நல்ல காரியம் என்று நினைத்தேன். பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரிகூட இருந்தது.

இன்று மதியம் ஃபெஸ்டி வந்தார். கோட்டுக்குள்ளிருந்து குட்டியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“எனக்கு வேண்டாம் டிம்ப்னா. நாய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன் நான். தாழ்ப்பாளக்கூட சரி பண்ணாதவன். என்னாலதான் நாலு சினை ஆடு போச்சு, அவளும் போனா. நீ பாரு, கடைசி வரைக்கும் சங்கிலி போட்டு எவ்வளவு கவனமா வெச்சிருந்த. உன்கிட்ட வளரட்டும்.”

சொல்லு, சொல்லு, என்று உள்ளே ஏதோ கத்தியது. அவர் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார், குட்டி குளிரில் நடுங்கியது.

நான் வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன்.