ஏரிக்குப் போகும் வழி

நேற்று சாயங்காலம் பால்கனியில் நின்றிருந்தேன். ஏழாவது மாடி. காற்றில் ஏரி வாசம் வந்தது, சோப்பு வாசம் வரவில்லை. கல்லில் துணி அடிக்கும் சத்தமும் இல்லை. நாலு நாளாகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது.

சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வந்து நிற்கிற ஏரி. அப்போது இந்தக் கட்டடம் இருக்கும் இடம் முந்திரித்தோப்பு. சுரங்க ஆபீசில் நான் பெர்மனென்ட், நீ கான்ட்ராக்ட்டில் கூட்டிப் பெருக்க வந்தவள். குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் கம்பளி அலச முடியவில்லை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். "எங்க ஏரிக்கு வாங்க மேடம்" என்றாய். மந்தாரக்குப்பத்துப் பெண்கள் துணி மூட்டையோடு தோப்பு வழியாகத்தான் போவீர்கள். நானும் உங்கள் பின்னால் வந்தேன்.

நாற்பது வயதில் என்னை மிதக்கவைத்தவள் நீ. கரையில் இருக்கும்வரை நான் மேடம். இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிட்டால் டி. "ஒடம்ப ஏன்டி வெறைச்சிக்கினு இருக்க? வுடு, தண்ணி தாங்கும்" என்று முதுகுக்கடியில் உள்ளங்கையை வைத்தாய். வானம் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. நீ எப்போது கையை எடுத்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அந்தப் பயத்தில் இருந்தபோது, தோப்பை அழித்து அடுக்குமாடி வருகிறது என்றார்கள். முதல் ஆளாகப் போய் புக் செய்தேன். ஏரி பார்த்த வீடு! செல்போனில் படத்தைக் காட்டி உன்னிடம் பீற்றிக்கொண்டேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாய்.

"நல்லாருக்குதுங்க மேடம். இதுல நாங்க போற வழி எங்க இருக்குது?"

"விடுவாங்க, விடாம எங்க போவாங்க" என்றேன். கட்டடம் முடிவதற்குள் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

வழி விட்டிருந்தார்கள். கட்டடத்தை ஒட்டி ஒரு சந்து, அதன் முனையில் இரும்புக் கேட். போன ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்தில், வெளியாட்கள் வருகிறார்கள், கேட்டைப் பூட்டவேண்டும் என்று பேச்சு வந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். புதிதாக வந்தவள், எதற்கு வம்பு என்று நானும் தூக்கினேன். வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நேற்றே கீழே இறங்கினேன். கேட்டருகே உன் மகள் மூட்டையோடு நின்றிருந்தாள். தினமும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாளாம்.

"வீட்டுக்காரங்க வந்தாதாம்மா தொறக்கணும்" என்றார் வாட்ச்மேன்.

"நான் வீட்டுக்காரிதான். குளிக்கப் போறேன். கரையேறுற வரைக்கும் பூட்டாதீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார்.

வருகிற ஞாயிறு கூட்டத்தில் எழுந்து பேசப்போகிறேன். தோற்றாலும் தோற்பேன். அதுவரை தினமும் ஐந்து மணிக்கு எனக்குக் குளியல்தான்.

நேற்று வெகுநேரம் மல்லாந்து கிடந்தேன். காதுவரை தண்ணீர். அதற்குள்ளே, கல்லில் துணி அடிபடும் சத்தம் எங்கோ தூரத்தில் போலக் கேட்டது. முதுகுக்கடியில் உன் உள்ளங்கை அப்படியே இருந்தது.

"குளிரலீங்களா மேடம்? மேல ஏறுங்க" என்றாள் உன் மகள்.

"நீ அலசுடி. நான் மெதந்துகினு இருக்கேன்" என்றேன்.