அந்தோணி மேல் ஒரு லீலிப்பூ

சேசு மரி சூசை துணை

பாலக்கோடு,
திருவருகைக்காலம், முதல் ஞாயிறு.

அன்பு மகள் பிளசிக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி இனிகோவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்காலையும் தக்காளி விலையையும் சேர்க்காவிட்டால். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ அனுப்பிய மெசேஜைப் படித்த பிறகு, நீ தூங்கினாயா தின்றாயா என்று கவலைப்பட அயர்லாந்திலேயே ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன், அதனால் கேட்கவில்லை. போனில் பேசலாம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் டியூட்டி என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேசை மேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். இனிகோ கல்யாணப் பத்திரிகையோடு இதையும் மடித்து வைத்திருக்கிறேன், முதலில் பத்திரிகையைப் படி, பிறகு திட்டு வாங்கிக்கொள்.

தம்பி கல்யாணத்துக்கு வர முடியாது, டாட்டூ அப்பாயின்மென்ட் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன், அப்படியேதான் இருந்தது. லீவு தரவில்லை என்றிருந்தால் உன் ஆஸ்பத்திரிக்காரர்களை வாயார வைதுவிட்டு ஆறியிருப்பேன். பச்சை குத்த நாள் குறித்துவிட்டதால் தாலி கட்டும் நாளுக்கு வர முடியாது என்று சொன்ன அக்காள் நம் கோயில் பங்கிலேயே நீதான் முதல். அந்த ஓனா என்கிறவளுக்குக் கடை கிடையாதாம், முதலாளி கிடையாதாம், தன் வீட்டு மாடியில் ஓர் அறையில் தனியாளாகக் குத்துகிறாளாம். இன்ஸ்டாகிராமில் புக்கிங்குக்குக் கதவைத் திறப்பாளாம், கொஞ்ச நேரத்தில் சாத்திவிடுவாளாம், அதற்குள் நுழைந்தவர்களுக்குத்தான் நாள் கிடைக்குமாம், திருவிழாவுக்கு வேளாங்கண்ணி ரயிலில் டிக்கெட் போடுகிற மாதிரி. பிறகு கையை ஸ்கேல் வைத்து அளந்து படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம், வீடியோவில் அவளோடு பேச வேண்டுமாம், அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம், தேதியை மாற்றினால் அது போனது போனதுதானாம். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட இத்தனை விசாரிக்கவில்லை.

அதோடு விட்டாளா? அவள் போட்ட விதிகளையும் அம்மா படிக்கட்டும் என்று நீயே அனுப்பினாய், இனிகோ உட்கார்ந்து தமிழில் சொன்னான். முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். சாராயம் கூடாது. இன்றிலிருந்தே கைக்கு எண்ணெய்ப் பசை தடவிக்கொண்டு வர வேண்டும், தொளதொள சட்டை போட வேண்டும், கூட்டம் சேர்த்துக்கொண்டு வரக் கூடாது, சளி காய்ச்சல் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிளசி, நீ பிறந்ததிலிருந்து நான் இதைத்தானே கத்திக்கொண்டிருக்கிறேன், சாப்பிடு, நேரத்தோடு தூங்கு, கையும் காலும் சொரசொரவென்று இருக்கிறது எண்ணெய் தடவு என்று. ஒரு நாள் கேட்டாயா? ஓனா ஒரு தரம் சொன்னாள், அப்படியே செய்கிறாய். நானும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வளர்த்திருக்க வேண்டும், எனக்குத்தான் விவரம் பத்தவில்லை. குத்தின பிறகு மேலே ஒரு பிளாஸ்டிக் தோலை ஒட்டி அனுப்புவாளாம், புண் ஆறுகிறவரை சொறியக் கூடாது, வெயில் படக் கூடாது, அதனால் தருமபுரி வெயிலுக்கு வர முடியாது என்று முடித்திருந்தாய். தை மாதத்துப் பனியில் அப்பா பகல் பத்து மணிக்கும் மஃப்ளரை அவிழ்ப்பதில்லை. முழுக்கை ஜாக்கெட் தைத்து வைக்கிறேன், வெயிலுக்கு உன் கை தெரியவே போவதில்லை. நீ பயப்படுவது வெயிலுக்கு இல்லை என்று எனக்குத் தெரியாதா?

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது முன்கையில் அந்தோணி என்று பெரிதாக எழுதிக்கொண்டு வந்து இறங்கினாய். அந்தோணி பிரகாஷ் என்று முழுசாகப் போடத்தான் ஆசை, ஆனால் டப்ளின்காரனுக்கு ஷ் போட வரவில்லை, அதனால் பாதியோடு நிறுத்தினேன் என்று அடுப்படியில் என் காதில் மட்டும் சொன்னாய். ஷ் போட வராத அந்த வெள்ளைக்காரன் நன்றாக இருக்கட்டும், அவன் புண்ணியத்தில்தான் நம் மானம் தப்பியது. பாதிராத்திரிப் பூசைக்கு நீ கையைத் தூக்கிக் கும்பிட்டதை ஊரே பார்த்தது, ஒருவருக்கும் பிரகாஷ் நினைவுக்கு வரவில்லை, எல்லோருக்கும் கோடி அற்புதர் அந்தோணியார்தான் நினைவுக்கு வந்தார். எதிர் வீட்டு ராணியம்மாள் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சீமைக்குப் போயும் பொண்ணு சாமிய மறக்கலை பாருங்க, என்று என்னிடம் சொல்லிப் போனாள். ஃபாதர் அடுத்த செவ்வாய்க்கிழமை நவநாளில், வெளிநாட்டுக்குப் போனாலும் விசுவாசத்தை உடம்பிலேயே எழுதிக்கொண்ட நம் பங்குப் பெண் என்று பிரசங்கமே வைத்துவிட்டார். அந்தப் பிரசங்கம் நடந்தபோது பாடகர் குழுவில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவன் காது சிவந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். பிறகு அவன் அம்மாவுக்கு நைட் டியூட்டி பார்க்கிற மருமகள் சரிப்படாது என்று தெரிந்துபோனது. நீ கொண்டுவந்த சாக்லேட் டப்பா தீருகிறவரை அது அவர்களுக்குத் தெரியவில்லை. அவன் கம்பைநல்லூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான், நீ ஊர்ப்பக்கம் வருவதையே விட்டாய்.

இப்போது நீ அந்தப் பெயரை மறைக்க ஓனாவிடம் கேட்டிருக்கிற பூவின் படத்தையும் பார்த்தேன். நீளக் காம்பு, வாய் விரிந்த பூ, நல்ல கறுப்பு. பார்த்ததும் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, இனிகோ பயந்துபோய் என்னம்மா என்று ஓடி வந்தான். அடி பைத்தியக்காரி, அது லீலிப்பூ. நம் கோயிலில் பலிபீடத்துக்கு இடது பக்கம் நிற்கிற அந்தோணியார் சுரூபத்தை நினைத்துப் பார். ஒரு கையில் குழந்தை இயேசு, இன்னொரு கையில் என்ன? நீ சின்னதில் பூசைக்குப் போனபோதெல்லாம் அதைத்தானே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாய்? அந்தோணி என்கிற பெயரை அழித்துவிட்டு அந்தோணியார் கைப்பூவை அங்கே வைக்கப் போகிறாய். ஓனாவுக்கு என்ன தெரியும் பாவம், உனக்குமா தெரியாது? ஃபாதர் பார்த்தால் இன்னொரு பிரசங்கம் நிச்சயம்.

உன்னை மட்டும் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்று அப்பா சொல்வார், அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பாதிப் பெயர் எழுதுவது நம் வீட்டு வழக்கம். கல்யாணமான வருஷம் திருவிழாக் கடையில் பேட்டரி மிஷின் வைத்துக் குத்துகிறவனிடம் கையை நீட்டினேன், செபாஸ்டின் என்று அப்பா பெயரைக் குத்தச் சொல்லி. அவன் முழங்கையிலிருந்து தாராளமாக எழுதிக்கொண்டே வந்தான், டி போட்டு முடிக்கும்போது மணிக்கட்டும் வளையலும் வந்துவிட்டன. ன் எங்கேடா என்று கேட்டதற்கு, அது வளையலுக்கு அடியில இருக்குதுன்னு நெனச்சுக்கங்கம்மா, என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அன்றிலிருந்து நான் செபாஸ்டியின் பெண்டாட்டி. தக்காளி மண்டியில் கூடை இறக்குகிறபோது, செபாஸ்டி யாருங்கக்கா என்று ஒருவன் கேட்காத வாரம் இல்லை. உனக்காவது ஊரார் பக்தைப் பட்டம் கொடுத்துக் காப்பாற்றினார்கள், எனக்கு அதுவும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அந்தக் குறைக் கையை வைத்துக்கொண்டுதான் நான் எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லாச் சாவுக்கும் போய் வந்தேன், ஒன்றுக்கும் போகாமல் இருந்ததில்லை.

போன வாரம் ஜவுளி எடுக்கத் தருமபுரி போனபோது அப்பாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைக்கு மேல் மாடியில் மோனிஷா என்று ஒரு பெண் டாட்டூ போடுகிறாளே, அவளிடம் போனேன். உன் ஓனா சொல்வது நிஜமா புளுகா என்று விசாரிக்கத்தான். அவளும் தனியாள்தான், பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்து சொந்தமாக வைத்திருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, அக்கா சாப்புட்டீங்களா, வெறும் வவுத்தோட உக்காரக் கூடாதுங்க, என்பதுதான். அப்போதே ஓனா மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. போனில் உன் கையைக் காட்டினேன். ஏனுங்கக்கா, சாமி பேர எதுக்கு மறைக்கறாங்க, என்று அவளும் கேட்டாள். இவ்வளவு நாள் ஊருக்குத் தலையாட்டிய எனக்கு அன்றைக்கு என்னமோ வாய் நிற்கவில்லை, அது சாமி பேரு இல்ல கண்ணு, ஒரு சாக்லேட்டுத் திருடன் பேரு, என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மறைப்பதென்றால் பழசைவிடக் கறுப்பாகவும் பெரிதாகவும்தான் வரும், அதனால் கோபத்தில் இருக்கிறவர்களுக்கு நான் உடனே நாள் கொடுப்பதில்லை, என்று மட்டும் சொன்னாள்.

பிரகாஷ் கல்யாணத்துக்கு வருவான், அதை நான் மறைக்கப் போவதில்லை. அவனைத் தவிர நம் பங்கில் கீபோர்டு வாசிக்க ஆளில்லை, ஃபாதர் சொல்லிவிட்டார். வெட்கப்பட வேண்டியவன் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பாட்டு வாசிப்பான், நீ எதற்காகக் கடல் தாண்டி ஒளிந்துகொண்டிருக்க வேண்டும்? தாலியில் இரண்டு முடிச்சை இனிகோ போடுவான், மூன்றாவது நாத்தனார் முடிச்சு, அது கூடப் பிறந்தவள் கையால் போடுவது. உன் பெரியப்பா மகளைக் கேட்கலாமா என்று நான் வாயெடுத்தேன், அதற்கு அவன், அக்கா வரலைன்னா ரெண்டு முடிச்சோட இருக்கட்டும்மா, அது வர்றப்ப போட்டுக்கும், என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். பென்னாகரத்துச் சம்பந்தியிடம் நான் என்ன சொல்வது, உங்கள் பெண்ணுக்கு மூன்றாவது முடிச்சு அயர்லாந்திலிருந்து பார்சலில் வருகிறது என்றா? எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் பிளசி. அந்தோணியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று உனக்கே தெரியும். அந்தப் பயலைத் தேட வேண்டாம் என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் அவர் காலடியில் நான் ஏற்றுகிற மெழுகுவர்த்தி உனக்காகத்தான்.

கை உன்னுடையது, மறைப்பதா விடுவதா என்று நீதான் சொல்ல வேண்டும். ஆனால் மறைத்த பிறகுதான் வருவேன் என்று சொல்லாதே. முதலில் அந்தக் கையை அப்படியே கொண்டுவந்து, அந்தப் பிரகாஷ் பார்க்கப் பார்க்க உன் தம்பிக்கு முடிச்சுப் போடு. அதற்குப் பிறகும் அந்தப் பெயரை விட்டுவைக்க மனசு வரவில்லை என்றால் பூவோ பாம்போ எதையாவது போட்டுக்கொள். லீலிப்பூ மட்டும் வேண்டாம். இதற்காக மோனிஷாவிடம் கல்யாணம் கழிந்த திங்கட்கிழமை இரண்டு பேருக்கு நாள் வாங்கியிருக்கிறேன். ஒன்று உனக்கு, குத்துவதா வேண்டாமா என்று அங்கே உட்கார்ந்து யோசி. இன்னொன்று எனக்கு. மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ன் போட இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்துச் சொல்லிவிட்டாள், வளையலைத்தான் கொஞ்சம் ஏற்றிப் போட வேண்டும். அப்பாவுக்கு இன்னும் தெரியாது, நீயும் உளறாதே. ஓனா அட்வான்ஸைத் திருப்ப மாட்டாள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? மோனிஷாவும் திருப்ப மாட்டாளாம். நானும் கட்டிவிட்டேன்.

மாதா உனக்குத் துணையிருப்பாள். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார். டிக்கெட் போட்டதும் இனிகோவுக்குச் சொல், எனக்குச் சொன்னால் போனிலேயே அழுதுவிடுவேன். முதல் நாள் நன்றாகத் தூங்கு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறு. ஓனா சொன்னதாகவே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஓர் எழுத்துக் குறையோடு காத்திருக்கும் அம்மா,
செ. ராஜமேரி