அறுபது காலடி

3.3.1998
வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். இன்று பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பொலிசார் நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரிசிரியென்று சிரித்தார்கள். என் பகிடிக்குத்தான் என்று நினைத்து இன்னும் இரண்டு விட்டேன். சந்தையில் நண்டு வாங்க வந்த ஸஹீதா சொன்னாள்: "கண்ணக அக்கா, சட்டைய உள்பக்கம் வெளியால போட்டிருக்கிறயள்கா." "சோதிக்கிறவங்களுக்கு லேசாயிருக்கட்டுமெண்டுதான்கா" என்றேன். முகம் எரிந்தது.

சிரிக்க வைத்தால் தம்பியை விட்டுவிடுவார்கள். என்னிடம் உள்ள வித்தை அது ஒன்றுதான். கோணாமலைக்கு முப்பத்தொரு வயது. நண்டுப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு என்னோடு வருவான். யார் முகத்தையும் பார்க்கமாட்டான். கேட்டதையே திருப்பிச் சொல்வான். "எங்க போற?" என்றால் "எங்க போற?" பொலிசுக்கு அது நக்கல். ஊருக்கு அவன் மந்தம். மந்தமாம்! வலையில் ஒரு கண் அறுந்தாலும் முதலில் காண்பவன் அவன்தான்.

சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்ட வேண்டும். அதைப் பழக்க எனக்கு நாலு மாதம் போனது. சிவப்புப் பீப்பாவில் இறங்கு, அறுபது காலடி உருட்டு, பிறகு ஏறு. ஒரு நாளும் பிழைவிட்டதில்லை.

9.3.1998
மழை. நண்டு இல்லை. தம்பி வலைக் கிழிசலைப் பொத்தினான். நான் வாய் பார்த்தேன்.

14.3.1998
பீப்பாவை மாற்றிவிட்டார்கள். சாவடியையே பாலத்துப் பக்கமாக நாற்பது காலடி தள்ளி வைத்துவிட்டார்கள்.

நான் பெண்கள் வரிசையில் நின்றேன். தம்பி பழைய இடத்தில் இறங்கினான். அறுபது உருட்டினான். ஏறினான் – துவக்கோடு நின்றவனுக்கு நேர் முன்னால். பீப்பாவைப் பழக்கினேன் என்று நினைத்திருந்தேன். அவன் பழகியது இடத்தை.

"நவத்தன்ன!" என்று கத்தினான் பொலிசுக்காரன். நில் என்று அர்த்தம். தம்பியும் "நவத்தன்ன!" என்று கத்தினான். விசில் ஊதினார்கள். அவன் இரண்டு காதையும் பொத்தினான். சைக்கிள் விழுந்து, றோட்டெல்லாம் நண்டு. ஒருவன் தோளில் பிடித்தான். தொட்டால் அவனுக்கு நெருப்புப் பட்ட மாதிரி. உதறினான். முழங்கை அந்த ஆளின் மூக்கில் பட்டது.

துவக்குப் பிடியால் அடித்தார்கள். "அடிக்காதங்க ஐயா, அவனுக்கு ஒண்டும் தெரியா" – எனக்கு அது மட்டும்தான் வந்தது. ஒரு பகிடியும் வரவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

15.3.1998
பொலிஸ் முகாம் வாசல். "நாளைக்கு வா."

16.3.1998
நாளைக்கு வா.

17.3.1998
சோறும் கறியும் தொட்டுக்கொண்டிருந்தால் அவன் தின்னமாட்டான். ஆர் அங்க வேறவேறயா வைக்கிற? "நீ ஆர்?" எண்டு கேப்பானுகள். அவனும் "நீ ஆர்?" எண்டுவான். அதுக்கு எத்தின அடி? நானெல்லோ பழக்கினது. நானெல்லோ. இந்த எழவெடுத்த அறுபத என்னத்துக்குப் பழக்கினன்?

18.3.1998
எங்களிடம் நண்டு வாங்கும் காத்தான்குடி முகைதீன்பாவாக் காக்காவுக்குச் சிங்களம் தெரியும். கடையைப் பூட்டிவிட்டு என்னோடு முகாமுக்கு வந்தார். "வாய அடக்கி வெச்சுக்க புள்ள, இண்டைக்குப் பகிடி வாணாம்" என்றார். என்னிடம் ஏது பகிடி?

முகாமுக்குப் பொறுப்பான பெரியவர் சொன்னதைக் காக்கா தமிழில் சொன்னார்: நாலு பேர் விசாரித்தார்களாம், நாலு பேரையும் இவன் திருப்பி விசாரித்தானாம்.

"ஐயா, நீங்க சத்தமாக் கேட்டா அவனும் சத்தமாக் கேப்பான். மெள்ளப் பேசுங்க. தொடாதங்க. முகத்தப் பாரெண்டு சொல்லாதங்க. அடையாள அட்டை வேணுமெண்டா கையை நீட்டிட்டுச் சும்மா இருங்க. அவன் தருவான். கொஞ்ச நேரம் செல்லும்" என்றேன். காக்கா அதைச் சிங்களத்தில் சொன்னார்.

தம்பியைக் கொண்டுவந்தார்கள். நான் அவன் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன். அவனைப் பார்க்கவில்லை. பெரியவர் கையை நீட்டினார். சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டும். தராட்டி? தராட்டி என்ன செய்வானுகள்? பெரியவர் மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். நீட்டிய கையை எடுக்கவில்லை, அந்த மனிசன்.

கோணாமலை சட்டைப்பையில் இருந்த அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

விட்டுவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் வீங்கியிருக்கிறது.

22.3.1998
"தின்றியாடா?" என்றால் "தின்றியாடா?" என்று வரவேண்டும். வருகுதில்லை. நாலு நாளாக ஒரு சொல்லும் இல்லை. கொப்பி அடிக்காதடா என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்! இப்போது நான் கேட்டுவிட்டு நானே திருப்பிச் சொல்கிறேன். பைத்தியம் யார்?

நண்டு பிடிக்கவும் போகவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாலம் எப்படித் தாண்டுவேன்?

29.3.1998
தனியாகத்தான் சந்தைக்குப் போனேன். சாவடியில் ஒரு இளம் கொன்ஸ்தாபிள் கூப்பிட்டார். உடைந்த தமிழ். "அக்கா, நாளைக்குப் பீப்பா மாறுது. மல்லிக்குச் சொல்லுங்க. பெரிய ஐயா சொன்னது." அவர்கள் பாசையில் தம்பிக்கு மல்லி.

"சொன்னாப் பத்தாது மனே. நடந்து காட்டோணும்."

யோசித்தார். "காலைல கூட்டிட்டு வாங்க" என்றார்.

30.3.1998
கூட்டிக்கொண்டு போனேன். தம்பி சைக்கிளை உருட்டினான். கொன்ஸ்தாபிள் தொடவில்லை, கத்தவில்லை. அவனுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, அவன் காலைப் பார்த்து மெள்ளமாக எண்ணினார். "எக்காய். தெக்காய். துனாய்."

ஏழாவது காலடியில் தம்பியும் எண்ணத் தொடங்கினான். சிங்களத்தில். பதினாறு நாளைக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டேன். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் இவர்கள் மாறிப் போவார்களாம். வருகிறவர்களுக்கும் நான்தான் சொல்ல வேண்டும். சொல்வேன்.

ஐம்பத்திரண்டாவது காலடியில் றோட்டு வளைகிறது. கோணாமலை வளைந்தான். கொன்ஸ்தாபிள் வளையவில்லை. பின்பக்கமாகவே போய் வாவிக்குள் இறங்கிவிட்டார், முழங்கால்வரை சேறு. ஒரு சப்பாத்து கிடைத்தது. மற்றதை நாங்கள் அங்கிருந்து கிளம்பும்வரை தேடிக்கொண்டிருந்தார்கள்.