உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திய மத்தியானம்

என்னங்க,

நான் ஆவியோடு பேசுவதாக மாடிவீட்டு லலிதா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. நடந்ததை உங்களுக்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் மகள் வசந்தி வேலை மாற்றலாகிச் சென்னைக்குப் போனபோது தன் வீடியோ கேம் பெட்டியை இங்கேயே விட்டுப்போனாள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தூசி தட்டத்தான் எடுத்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எதையும் திருப்பி வைக்க எனக்கு வராது, தெரியுமே.

முதலில் கார்ப் பந்தயம். கடலோரச் சாலை. குறுக்கே மாடு இல்லை, பஸ் இல்லை. காரில் ஹாரனும் இல்லை, உங்களுக்குப் பிடித்திருக்காது. நம் ஈஜிபுரா வீட்டிலிருந்து ஆனேக்கலில் உங்கள் அக்கா வீடு வரை ஹாரனில் வைத்த கையை எடுக்காதவராயிற்றே! சந்தாபுரா தாண்டியதும் லாரிகள் நம்மை முந்தும். "அவனுக்கு அவசரம், போகட்டும்" என்பீர்கள். அப்போதும் நான், "மெதுவா போங்க" என்பேன். முப்பதைத் தாண்டாத காரை இன்னும் எவ்வளவு மெதுவாக ஓட்டுவது?

பந்தயத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு எட்டாவதாக வந்தேன். மொத்தமே எட்டுக் கார்கள். ஆனால் என் காரில் ஒரு கீறல் இல்லை.

அடுத்தது பேய் விளையாட்டு. தொடங்கும் முன் பெயர் கேட்டது. நான் படித்த கான்வென்ட்டில், கட்டத்தைக் காலியாக விட்டால் சிஸ்டர் தாளையே திருப்பிக் கொடுப்பார். அந்தப் பழக்கம் போகவில்லை. திரையில் நிற்பவரோ உயரமான ஆண், கண்ணாடி போட்டவர். அவருக்கு என் பெயரைப் போடுவது பொய். உங்கள் பெயரைப் போட்டேன்.

நாற்பத்தொரு வருஷத்தில் அதை எழுதியிருக்கிறேனே தவிர வாயால் சொன்னதில்லை. ரேஷன் ஆபீஸில், "யஜமான்ரு ஹெசரு ஏனம்மா?" என்று வீட்டுக்காரர் பெயரைக் குமாஸ்தா கன்னடத்தில் மூன்று தரம் கேட்டும் பதில் சொல்லாமல், கார்டில் உங்கள் பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். வெளியே வந்து சிரித்தீர்கள். "சொன்னா என் ஆயுசு குறைஞ்சிடும்னு பயமா?"

பயம்தான். அன்று ஒப்புக்கொள்ளவில்லை.

விளையாட்டில் பயமில்லை. காலியான வீடு, கதவு கதவாகத் திறந்து, விளக்குப் போட்டு, யாருமில்லை என்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போகவேண்டும். எட்டு மாதமாக நான் வேறென்ன செய்கிறேன்?

மூன்றாம் நாள் மத்தியானம், படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஏதோ எழுந்து வந்தது. உங்கள் பெயர்க்காரர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் எழுந்து நின்று, உங்கள் பெயரைச் சொல்லி, "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். பொத்தானை அழுத்த மறந்துபோயிற்று. விழுந்துவிட்டார். திரையில் உங்கள் பெயர். அதன் கீழே, இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில். அப்படி ஒரு தாளை ஆஸ்பத்திரியில் வாங்கிப் படித்தது போதாதா?

லலிதா ஓடி வந்தாள். "ஆன்ட்டி, அங்கிள் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே... வந்தாரா?"

"வரலை. ஓடச் சொன்னேன், ஓடலை."

"ஐயோ! மசூதிப் பக்கம் தாயத்து கட்டறவர் ஒருத்தர் இருக்காரு..."

"நீ சும்மா மேல போம்மா."

விளக்கம் சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியை அணைத்தேன். அந்தப் பேய் விளையாட்டுச் சிடியை வசந்திக்கே அனுப்பிவிட்டேன். இனி எந்தப் பேய்வீட்டுக்கும் உங்களை அனுப்ப மாட்டேன். பந்தயத்தில் இப்போது ஓட்டுவது உங்கள் பெயர்தான். அங்கே கவிழ்ந்தாலும் கார் தானாக நிமிர்ந்துகொள்கிறது. "மெதுவா" என்று ஒருமுறைகூடச் சொல்ல மாட்டேன். இது வாக்கு.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். அன்று கூப்பிட்டது கேட்டதா? இனிமேல் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? கனவில் வந்து தலையாட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். இரண்டு வரியானாலும் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

உங்கள் மனைவி,
கமலா