வாக்குச்சீட்டில் ஒரு பிள்ளையார் சுழி

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? போனில் எதையும் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. இந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. கவுன்சில் தேர்தலுக்கு எல்லைகளை மாற்றிக் கீறியதில் எங்கள் தெரு வேறு தொகுதிக்குப் போய்விட்டது. அங்கே இரண்டு கட்சிக்கும் சமபலம். வீட்டுக்காரர் குகநேசன் அண்ணை ஒரு கட்சி, என் கடை முதலாளி மற்றக் கட்சி. இரண்டு பேருக்கும் ஓம் என்று தலையாட்டினேன்.

வாக்கு எண்ணும் இடத்துக்கு அண்ணை என்னையும் தன் கட்சி முகவராகக் கூட்டிப்போனார். முதலாளியின் கட்சிக்கு விழுந்த ஒரு சீட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி இருந்தது. போட்டவரை அது அடையாளம் காட்டுகிறது, செல்லாது என்று அண்ணை வாதாடினார். மற்றவர்கள் விடவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் அதிகாரி விளக்கம் கேட்டார். சைவ ஆட்கள் எதை எழுதினாலும் முதலில் இதைப் போடுவார்கள் என்றேன். சீட்டு செல்லும் என்றார் அதிகாரி. அண்ணையின் ஆள் சொற்ப வாக்கில் தோற்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டிலும் அண்ணை கேட்கிறார். "தம்பி, எங்கடை ஆக்களிலை ஆர் அதைப் போட்டது?"

"ஆராவது வயசுபோன ஆக்களாயிருக்கும் அண்ணை."

இங்கே ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஓர் அறை கிடைக்குமா என்று சித்தப்பாவிடம் விசாரியுங்கள். சின்னதென்றாலும் பரவாயில்லை, கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டும்.

அண்ணை இப்போது மேசைக்கு எதிரே தேத்தண்ணி குடிக்கிறார். கண்ணாடி இல்லாமல் என் எழுத்தை அவரால் வாசிக்க ஏலாது. தாளின் தலையில் சுழி இருந்தால் தெரியும். ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதிய நாளில் நீங்கள் பழக்கியதை முதன்முறையாகப் போடாமல் எழுதுகிறேன். கோபிக்காதீர்கள்.

எழும்புகிறார். முடிக்கிறேன்.

உங்கள் மகன்,
ஆரணன்