மூக்கில்லாமல் போட்ட கையெழுத்து

6 பிப்ரவரி 2024

காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்றும் வாசனை வரவில்லை. காலையில் காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டு இழுத்தேன். வெறும் காற்று. ரசம் தாளித்தபோது கண் எரிந்தது, அவ்வளவுதான்.

ஜெயப்பிரகாஷிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். "வந்துரும் சந்திரா. லீவ போட்டுட்டு வீட்ல இரு" என்கிறார். எத்தனை நாள் போடுவது? சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, கடலூர் சிப்காட்டில் இறங்கி, பதினாறு வருடமாக நான் செய்யும் வேலையே மோந்து பார்ப்பதுதான். சோப்புக்கும் ஊதுவத்திக்கும் வாசனை கலந்து கொடுக்கிற கம்பெனியில் தர ஆய்வகம் என் பொறுப்பு. புருஷனுக்கு இது சளி. எனக்கு?

9 பிப்ரவரி

சமாளிக்கிறேன். காகிதப் பட்டையை எண்ணெயில் நனைக்கிறேன், மூக்கருகே கொண்டுபோகிறேன், கண்ணை மூடுகிறேன். பிறகு பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயரை நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறேன். யாருக்கும் சந்தேகம் இல்லை. நடிப்பு இவ்வளவு சுலபம் என்று தெரியாது.

14 பிப்ரவரி

புது கேரவே எண்ணெய் டிரம் வந்தது. சீமைச் சோம்பு என்று தமிழில் சொல்லலாம், ஆனால் இங்கே எல்லோருக்கும் அது கேரவேதான். சீரகத்தையும் எலுமிச்சைத் தோலையும் சேர்த்துக் கசக்கியது போல இருக்கும், பின்னால் ஒரு காரம். லாவெண்டரோடு ஒரு துளி சேர்ந்தால் போதும், இனிப்பு அடங்கி ஆண்பிள்ளைத்தனம் வந்துவிடும். பெரிய சோப்புக் கம்பெனிக்கு நாங்கள் கொடுக்கும் கலவையின் உயிரே அதுதான். அந்தக் கலவையை உருவாக்கியவள் நான். ஏழு மாதம் ஆனது.

எங்கள் சோதனை மெஷின் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி. மணம் தரும் கார்வோன் ஐம்பத்தாறு சதவீதம், மீதி எலுமிச்சை வாடையடிக்கும் லிமோனீன். ஆனால் கார்வோனில் இரண்டு வகை உண்டு, வலது கையும் இடது கையும் போல. ஒன்று கேரவேயாக மணக்கும், மற்றது புதினாவாக. எங்கள் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துச் சொல்ல ஒளியை வைத்துப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது ரிப்பேராகி எட்டு மாதம். அதனால் மூக்குதான் சொல்ல வேண்டும்.

வழக்கம்போல டிரம்மிலிருந்து ஒரு குப்பி எடுத்து நம்பர் போட்டு அலமாரியில் வைத்தேன். 'மணம்' என்ற கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

16 பிப்ரவரி

கலவைப் பிரிவு அய்யனார் இன்று ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். தேவனாம்பட்டினத்துக்காரர். சுனாமியில் படகு போன பிறகு கடலை விட்டுவிட்டு, சில வருடம் எங்கெங்கோ அலைந்து இங்கே வந்தவர். படிப்பு எட்டாவது. ஆனால் பதினான்கு வருடமாக எண்ணெய் ஊற்றி ஊற்றி, மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவார்.

"மேடம், அந்த கேரவே வேற மாதிரி கீதுங்க. பல்பொடி வாசன ஜாஸ்தியா அடிக்குது. ஒருவாட்டி வந்து பாருங்களேன்."

போனேன். குனிந்து மோந்தேன். ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குடத்தைக்கூட அப்படித்தான் மோந்திருப்பேன்.

"ரிப்போர்ட் சரியா இருக்கு அய்யனார். ஊத்துங்க."

"இல்ல மேடம், நீங்க நல்லா—"

"நான் பாத்துட்டேன்னு சொல்றேன்ல?"

ஊற்றினார். என் குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

17 பிப்ரவரி

நானூறு கிலோ லாரியில் ஏறிவிட்டது.

11 மார்ச்

வந்துவிட்டது. குளிக்கிற சோப்பில் பற்பசை நாற்றம் அடிக்கிறது என்று சோப்புக் கம்பெனி கடிதம் எழுதியிருக்கிறது. மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறார்கள்.

சோறு இறங்கவில்லை. இறங்கினாலும் ருசி ஏது.

13 மார்ச்

விசாரணை. மேனேஜர் காசிநாதன் சார், பர்சனல் ஆபீசர், நான். அய்யனாரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஸ்டோரில் புதினா எண்ணெய் டிரம்மும் பக்கத்திலேயே இருந்ததாம். அய்யனார் மாற்றி எடுத்து ஊற்றிவிட்டார் என்று சார் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். ஆய்வகமே கோட்டை விட்டது என்றால் சோப்புக் கம்பெனி எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஒரு கூலியாள் கைதவறினான் என்றால் மன்னிப்பார்கள். அதுதான் கணக்கு.

"டிரம் மாறல சார். ஊத்தறதுக்கு முன்னாடியே வாசன சரியில்லன்னு மேடத்தாண்ட சொன்னேன். அவுங்க வந்து பாத்தாங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "சொன்னாராம்மா?"

எவ்வளவு நேரம் இருக்கும்? இரண்டு நொடி. அதற்குள் எல்லாம் ஓடியது. பதினாறு வருடம், என் நாற்காலி, 'மூக்கு போனவள்' என்று முதுகுக்குப் பின்னால் பேசப்போகிறவர்கள்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்."

அய்யனார் கத்துவார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவுதான்.

14 மார்ச்

அய்யனாரை நிறுத்திவிட்டார்கள். ரிப்போர்ட்டில் காசிநாதன் சார் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பணியாளர் மது அருந்திய நிலையில் இருந்தார்.

"அவர் குடிக்க மாட்டாரே சார்" என்றேன்.

"காரணம்னு ஒண்ணு வேணும்ல? நீங்க ஏன் இதுல தலைய குடுக்கறீங்க?"

கொடுக்கவில்லை. தலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

19 மார்ச்

ஜெயப்பிரகாஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சரி வுடு, அவருக்கு வேற எங்கனா வேல கெடைக்காமலா போயிடும்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

2 ஏப்ரல்

அரை நாள் லீவு போட்டு தேவனாம்பட்டினம் போனேன். என்ன சொல்வதாக இருந்தேன்? தெரியாது. போனேன்.

அய்யனார் வீட்டில் இல்லை. அவர் மனைவி மாரியம்மாள் வாசலில் நின்றாள். யார் என்று சொன்னதும் முகம் மாறியது. உள்ளே கூப்பிடவில்லை.

"சிப்காட்ல ஏழு கேட்டு ஏறி எறங்கிட்டாரு. குடிச்சிட்டு வேலைக்கு வர்ற ஆளாமே, வாணாம்ன்றான். எங்க கல்யாணம் முடிஞ்சி இருவத்தியோரு வருசம், அந்த நாத்தம் இந்த வூட்டுக்குள்ள வந்ததில்ல. பொண்ணு பாத்துட்டுப் போனவங்களும் பேச்ச நிறுத்திட்டாங்க. அத எழுதனது யாருங்க? நீங்களா?"

"நான் எழுதல."

"எழுதனப்ப எங்க இருந்தீங்க?"

பக்கத்தில்தான் இருந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம். திரும்பி நடந்து பஸ் ஏறினேன்.

3 ஏப்ரல்

காசிநாதன் சாரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மூக்கு போனது, அய்யனார் வந்து சொன்னது, நான் பொய் சொன்னது. ஒரே மூச்சில்.

அவர் கதவைச் சாத்தினார். "மூக்கு எனக்குத் தெரியாது, நீங்க சொல்லல, நான் கேக்கல. பதில் அனுப்பியாச்சு, அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. முடிஞ்ச ஃபைல்மா இது."

"ஒரு ஆளோட பேரு கெட்டுப்போச்சு சார்."

"உங்க பேரு நல்லா இருக்கா, அத பாருங்க."

பொய்யை இரண்டு நொடியில் வாங்கிக்கொண்டார்கள். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆள் இல்லை. சீ. இதில்கூட எனக்கு என்னைப் பற்றித்தான் பரிதாபம்.

8 ஏப்ரல்

அலமாரியில் இருந்த அந்தக் குப்பியை எடுத்தேன். நேராக சோப்புக் கம்பெனியின் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். டிரம் மாறவில்லை, வந்த எண்ணெயே கலப்படம், குப்பியைச் சோதித்துப் பாருங்கள், மோந்து பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட எனக்கு அன்று வாசனையே தெரியாது, எச்சரித்தவரைத்தான் வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். பெயர், கையெழுத்து, போன் நம்பர்.

அனுப்பிய பிறகுதான் ஜெயப்பிரகாஷிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

22 ஏப்ரல்

குப்பி பேசிவிட்டது. கார்வோனில் பாதிக்கு மேல் புதினா வகை என்று அவர்கள் ஆய்வகம் சொல்லியிருக்கிறது. அனுப்பிய வியாபாரியை இங்கே நிறுத்திவிட்டார்கள்.

என்னையும். கம்பெனிப் பொருளை அனுமதி இல்லாமல் வெளியே அனுப்பினேனாம். உண்மைதான். ராஜினாமாவாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். கேட்டில் என் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

20 ஜூன்

சிதம்பரத்திலேயே ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறேன். நடத்துகிறவர் ஜான்சி என்ற அம்மாள். ரிப்போர்ட் படிவத்தில் இங்கேயும் 'மணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதல் நாளே சொல்லிவிட்டேன்: "மேடம், எனக்கு வாசனை தெரியாது. இந்தக் கட்டத்த வேற யாராவதுதான் நிரப்பணும்." அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொன்னதுக்குச் சந்தோஷம்" என்றார்.

எனக்கு வாசனை தெரியாது என்ற அந்த வாக்கியம் நாலு மாதம் முந்தியும் என்னிடம் இருந்தது. மூன்றே சொல்.

17 ஆகஸ்ட்

பி.எஃப். வேலையாகக் கடலூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில், "மேடம்" என்று யாரோ கூப்பிட்டார்கள். அய்யனார். மாரியம்மாளும் கூட இருந்தாள். மச்சான் படகில் போகிறாராம், இந்த வயதில், மறுபடியும். கறுத்து இளைத்திருந்தார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். கம்பெனி ஜூலையில் அனுப்பிய கடிதம். இங்கிலீஷ்.

"திரும்ப வான்னு கூப்டாங்க மேடம். போவல. ஆனா இத மட்டும் வச்சிருக்கேன். பொண்ணு வூட்டுக்காரங்களுக்குக் காட்டணும். நான் குடிக்கலன்னு இதுல எழுதியிருக்குதா?"

படித்தேன். நிர்வாகம் மறுபரிசீலனை செய்தது, பணிநீக்கம் திரும்பப் பெறப்படுகிறது. மூன்றே வரி. இரண்டாம் தடவை படித்தேன். மாரியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அய்யனார். அது இதுல இல்ல."

"ஓ" என்றார். காகிதத்தை வாங்கி மறுபடி பையில் வைத்தார்.

மாரியம்மாள்தான் பேசினாள். "நீங்க எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, எல்லாரும் படிக்கறாப்ல."

பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த இந்த நோட்டையே எடுத்து எழுதினேன். அய்யனார் குடிக்கவில்லை. எச்சரித்தார். நான் கேட்கவில்லை. விசாரணையில் ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். ஞாபகம் இருந்தது. கீழே முழுப் பெயர், வீட்டு முகவரி. மாரியம்மாள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். "பொய்" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வரட்டுமா என்று கேட்கவில்லை. பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள்.

இதற்கு முந்தைய தாள் கிழிந்திருப்பது அதனால்தான்.